முப்பத்திரண்டைக் கழிக்குமுன்

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய நாளில் நான்கு கோடுகள் இட்ட ஏட்டில் எழுதிப் பழகியதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெரிய ‘ஏ’ ஒரு வடிவம். சிறிய ‘ஏ’ மற்றொரு வடிவம். ஓர் எழுத்துக்கு இரண்டு உருவங்கள் எதற்கு என்று அன்று வியந்தவர்களும் உண்டு. தமிழிலும் குறில், நெடில் என்ற பாகுபாடு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். குறிலும் நெடிலும் ஒலியால் வேறுபட்டவை, பொருளையும் மாற்றுபவை. ‘படு’ என்பது ஒரு சொல். ‘பாடு’ என்பது வேறொரு சொல். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் ஒலி ஒன்றே. உருவம் மட்டுமே இரண்டு.

பழைய ஆங்கில அச்சகங்களில் எழுத்துக் கோப்பவர் முன் இரண்டு மரப்பெட்டிகள் இருக்கும். மேலே இருக்கும் பெட்டியில் பெரிய எழுத்துகளும் கீழே இருக்கும் பெட்டியில் சிறிய எழுத்துகளும் அறை அறையாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் ஆங்கிலத்தில் அவற்றுக்கு ‘அப்பர் கேஸ்’, ‘லோயர் கேஸ்’, அதாவது மேல்பெட்டி எழுத்து, கீழ்ப்பெட்டி எழுத்து, என்னும் பெயர்கள் ஏற்பட்டன. ஈய எழுத்துகள் போயின, மரப்பெட்டிகளும் போயின, பெயர் மட்டும் கணிப்பொறிக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது.

அந்தக் கீழ்ப்பெட்டி எழுத்தை மேல்பெட்டி எழுத்தாகக் கணிப்பொறி எவ்வாறு மாற்றுகிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சி மொழி பயிலும் மாணவர்க்குத் தொடக்கத்திலேயே தரப்படும் பயிற்சி இது. மிக எளியது என்று கருதி ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது வழக்கம். ஆயினும் இந்தச் சிறிய பயிற்சியைச் சற்று நின்று நோக்கினால், நிரல் எழுதுவோர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் ஒன்று அதில் இருப்பதைக் காணலாம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று மனிதர்கள் கூடி முடிவு செய்து, அந்த எண்ணையே அது சேமித்து வைக்கிறது. அப்படிச் செய்யப்பட்ட உடன்பாடுகளில் புகழ்பெற்றது ‘ஆஸ்கி’ எனப்படும் அமெரிக்கத் தர அட்டவணை. அதன் முதற்பதிப்பு 1963ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 0 முதல் 127 வரை 128 இடங்கள் கொண்டது அது. வியப்பு என்னவென்றால், அந்த முதற்பதிப்பில் சிறிய எழுத்துகளுக்கு இடம் தரப்படவில்லை. அக்காலத் தொலை அச்சுப்பொறிகளிற் பல பெரிய எழுத்துகளை மட்டுமே அச்சிட வல்லவை. 1967ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சிறிய எழுத்துகள் அட்டவணையில் முறையாக ஏறின.

அவற்றை எங்கே வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெரிய ‘ஏ’ எழுத்துக்கு எண் 65. சிறிய ‘ஏ’ எழுத்துக்கு 97. பெரிய ‘பி’ 66. சிறிய ‘பி’ 98. இவ்வாறே இறுதி எழுத்தாகிய ‘இஸட்’ வரை சென்றால் பெரியது 90, சிறியது 122. எந்த இணையை எடுத்தாலும் இடைவெளி 32. இது தற்செயலாக அமைந்த எண் அன்று. கணிப்பொறி எண்களை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு என்று இரட்டித்துச் செல்லும் அலகுகளால் ஆக்குகிறது. 65 என்பது 64-உம் 1-உம் சேர்ந்தது. 97 என்பது 64-உம் 32-உம் 1-உம் சேர்ந்தது. ஆகவே சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறுபாடு 32 என்னும் ஒரே அலகுதான். வரிசையாக எரியும் விளக்குகளில் ஒன்றை மட்டும் அணைத்தால் சிறியது பெரியதாகிறது. மீண்டும் ஏற்றினால் பெரியது சிறியதாகிறது.

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் டென்னிஸ் ரிட்சி. யூனிக்ஸ் என்னும் இயக்கத் தொகுதியை எழுதுவதற்கான கருவியாக அம்மொழி வளர்ந்தது. எழுத்தும் எண்ணே என்ற உண்மையை அம்மொழி மறைப்பதில்லை. ஓர் எழுத்தை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இட்டு எழுதினால், அதன் எண்ணையே எழுதியதாகக் கொள்ளும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டலாம், கழிக்கலாம், ஒப்பிடலாம். ஆகவே சிறிய எழுத்தைப் பெரியதாக்க வேண்டுமா? அதிலிருந்து 32-ஐக் கழித்துவிடு என்று தொடக்க நிலை மாணவர் உடனே விடை கூறுவார்.

அந்த விடையை வைத்தே ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். கல்லூரி விழா ஒன்றில் பரிசு பெறுவோர்க்குச் சான்றிதழ் அச்சிட வேண்டும். பெயர்கள் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாணவர் ஒருவர் நிரல் எழுதுகிறார். பெயரின் முதல் எழுத்திலிருந்து இறுதி எழுத்து வரை ஒவ்வொன்றாக எடுத்து 32-ஐக் கழிக்கிறார். ‘கமலா’ என்று சிறிய எழுத்துகளில் இட்டுச் சோதித்துப் பார்க்கிறார். பெரிய எழுத்துகளில் பெயர் வருகிறது. நிரல் சரியாகிவிட்டது என்று மகிழ்கிறார்.

அடுத்த பெயர் ‘கமலா தேவி’. இரண்டு சொற்களுக்கு இடையே ஓர் இடைவெளி. இடைவெளிக்கும் அட்டவணையில் எண் உண்டு. அதன் எண் 32. அதிலிருந்து 32-ஐக் கழித்தால் சுழியம். சி மொழியில் சுழியம் என்பது சாதாரண எண் அன்று. எழுத்துச் சரம் இங்கே முடிந்தது என்று காட்டும் எல்லைக்கல் அது. ஆகவே அச்சிடும் பகுதி ‘கமலா’ என்பதோடு நின்றுவிடுகிறது. ‘தேவி’ நினைவகத்தில் இருக்கிறாள், தாளில் இல்லை. கணிப்பொறி பிழை என்று கூவவும் இல்லை. மேடையில் சான்றிதழை வாங்கிய பிறகுதான் தம் பெயரில் பாதி காணாமற்போனது அந்தப் பெண்ணுக்குத் தெரியவரும்.

வேறொருவர் தம் பெயரின் முதல் எழுத்தைமட்டும் முறைப்படி பெரிய எழுத்தாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். பெரிய ‘கே’ எழுத்தின் எண் 75. அதிலிருந்து 32 போனால் 43. அது கூட்டற்குறியின் எண். பெயரின் தலையில் ஒரு கூட்டற்குறி முளைத்துவிடுகிறது. மூன்றாமவர் தலைப்பெழுத்தைப் பெரிய ‘ஆர்’ என்று எழுதியிருந்தார். அதன் எண் 82. 32 கழிந்தால் 50. அது ‘2’ என்னும் இலக்கத்தின் எண். இவர்களிற் பெயரை முறையாக எழுதிக் கொடுத்தவர்களே துன்பப்பட்டார்கள் என்பதைப் பாருங்கள். ஏற்கெனவே சரியாக இருந்ததையும் திருத்தப் புகுந்ததால் வந்த கேடு இது.

எனவே கழிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கையில் உள்ளது சிறிய எழுத்துத்தானா? அதன் எண் சிறிய ‘ஏ’ எழுத்தின் எண்ணுக்குக் குறையாமலும், சிறிய ‘இஸட்’ எழுத்தின் எண்ணுக்கு மிகாமலும் இருந்தால் மட்டுமே மாற்று. இல்லையேல் வந்தபடியே விட்டுவிடு. இந்த ஒரு நிபந்தனை வந்தவுடன் இடைவெளி இடைவெளியாகவே இருக்கும். புள்ளி புள்ளியாகவே இருக்கும். பெரிய எழுத்து பெரிய எழுத்தாகவே நிற்கும். இன்னொன்றும் செய்யலாம். 32 என்ற எண்ணை நிரலில் வெறுமனே எழுதுவதைவிட, ‘சிறிய ஏ-யைக் கழித்துப் பெரிய ஏ-யைக் கூட்டு’ என்று எழுதுவது நல்லது. படிப்பவர்க்குக் காரணம் விளங்கும். அட்டவணையைப் பாராமலே பொருள் தெரியும்.

இத்துடன் முடிந்ததா? அதுதான் இல்லை. ஆஸ்கி அட்டவணை ஒன்றே உலகில் உள்ளது என்று நாம் இதுவரை எண்ணிக்கொண்டிருந்தோம். ஐ.பி.எம். நிறுவனம் 1964ஆம் ஆண்டில் அறிவித்த 360 வரிசைக் கணிப்பொறிகளுக்கு ‘எப்சிடிக்’ என்னும் வேறோர் அட்டவணையை அமைத்தது. துளையிட்ட அட்டைகளின் வழிவந்த முறை அது. அதில் சிறிய ‘ஏ’ 129. பெரிய ‘ஏ’ 193. அங்கே சிறிய எழுத்துகளே முன்னால் நிற்கின்றன. ஆகவே கழித்தால் பெரிய எழுத்து வாராது. 64-ஐக் கூட்ட வேண்டும். அதுமட்டுமா? எழுத்துகள் தொடர்ச்சியாகவும் இல்லை. சிறிய ‘ஐ’ 137-இல் முடிய, அடுத்த எழுத்தாகிய ‘ஜே’ 145-இல் தொடங்குகிறது. ‘ஆர்’ 153-இல் முடிய, ‘எஸ்’ 162-இல் தொடங்குகிறது. நடுவே உள்ள இடங்களில் எழுத்தல்லாத குறிகளும் உண்டு. ‘ஏ முதல் இஸட் வரை’ என்ற நம் நிபந்தனை அந்தக் குறிகளையும் எழுத்து என்றே எண்ணி உருமாற்றிவிடும். பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணிப்பொறிகளில் அந்த அட்டவணை இன்றும் வழக்கில் உள்ளது.

சி மொழியின் தரம் 1989ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டபோது இதை நன்கு உணர்ந்தே வகுத்தார்கள். சுழியம் முதல் ஒன்பது வரை உள்ள இலக்கங்கள் எந்த அட்டவணையிலும் அடுத்தடுத்தே இருக்கும் என்று தரம் உறுதி கூறுகிறது. எழுத்துகளைப் பற்றி அத்தகைய உறுதி எதுவும் கூறவில்லை. அதற்கு மாறாக, ‘டு-அப்பர்’ என்னும் செயற்கூறு ஒன்றை மொழியின் பொது நூலகத்தில் வைத்தார்கள். ஓர் எழுத்தை அதனிடம் கொடுத்தால், பெரிய வடிவம் இருந்தால் அதைத் திருப்பித் தரும். இல்லையென்றால் கொடுத்ததையே திருப்பித் தரும். எந்தக் கணிப்பொறியில் எந்த அட்டவணை என்ற கவலையை அந்தக் கணிப்பொறிக்கு நூலகம் எழுதியவர் ஏற்றுக்கொள்கிறார். பயிற்சிக்காக நாமே எழுதிப் பார்ப்பது கல்வி. பயன்பாட்டுக்காகப் பொது நூலகத்தை நாடுவது அறிவுடைமை.

ஆனால் நூலகத்தை நாடுவோரும் அதன் விதியை அறிந்து நாட வேண்டும். இங்கேதான் தமிழ் மாணவர் தனிக் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்துகள் இன்று ‘யூனிகோடு’ என்னும் உலகப் பொது அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. ‘அ’ எழுத்தின் எண் அங்கே 2949. இவ்வளவு பெரிய எண் 255-க்கு மிகாத ஒரு பைட்டில் அடங்காது. ஆகவே ‘யூ.டி.எப்-8’ என்னும் முறையில் அதை மூன்று பைட்டுகளாகப் பிரித்து வைக்கிறார்கள். அந்த மூன்றும் 224, 174, 133. இம்முறையை 1992ஆம் ஆண்டில் வகுத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். தாம்சன், ரிட்சியோடு சேர்ந்து யூனிக்ஸை உருவாக்கியவர். பிற மொழி எழுத்துகளின் பைட்டுகள் எல்லாம் 128-உம் அதற்கு மேலுமாகவே இருக்கும். ஆஸ்கி எழுத்துகளின் எண்ணோடு ஒருபோதும் கலவா. இந்த ஒழுங்கினால் ஆஸ்கிக்கு எழுதிய பழைய நிரல்கள் பலவற்றின் ஊடே தமிழ் எழுத்துகள் சேதமின்றிச் சென்று வர முடிகிறது.

நம் சான்றிதழ் நிரலுக்கு வருவோம். ஒருவர் தம் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தார் என்று கொள்ளுங்கள். நிபந்தனையின்றிக் கழிக்கும் நிரல் ‘அ’ எழுத்தின் மூன்று பைட்டுகளையும் 192, 142, 101 என்று ஆக்கிவிடும். கடைசியில் நிற்கும் 101, ஆங்கிலச் சிறிய ‘ஈ’ எழுத்தின் எண். முன்னுள்ள இரண்டும் பொருளற்ற பைட்டுகள். ‘அ’ சிதைந்து போயிற்று. நிபந்தனையோடு கூடிய நிரலோ அந்த மூன்று பைட்டுகளையும் தன் எல்லைக்குள் வாராதவை என்று கண்டு, தொடாமல் விட்டுவிடும். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஆகவே தொடாமல் விடுவதே அங்கே சரியான விடை.

நூலகச் செயற்கூற்றை நாடியவர் நிலை என்ன? பல கணிப்பொறிகளில் சி மொழியின் எழுத்து வகை எதிர்மறை எண்களையும் கொள்ளும்படி அமைந்திருக்கிறது. அங்கே 224 என்ற பைட்டு, கழித்தல் 32 என்று படிக்கப்படும். ஆனால் ‘டு-அப்பர்’ செயற்கூறு 0 முதல் 255 வரையிலான பைட்டுகளையும், உள்ளீடு முடிந்தது என்னும் தனிக்குறியையும் மட்டுமே ஏற்கும் என்பது தரத்தின் விதி. வேறு எண்ணைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்குத் தரம் பொறுப்பேற்பதில்லை. இச்செயற்கூறு பெரும்பாலும் ஓர் அட்டவணையைப் பார்த்து விடை சொல்வது. எதிர்மறை எண்ணைக் கொடுப்பது, முதல் பக்கத்துக்கு முந்திய பக்கத்தைப் புரட்டச் சொல்வது போன்றது. சில நூலகங்கள் இதற்குக் காப்புச் செய்து வைத்திருக்கின்றன. அதை நம்பி எழுதுவது முறையன்று. பைட்டை ‘அன்சைன்ட்’ எனப்படும் குறியற்ற வகையாக மாற்றிக்கொண்டு பிறகு செயற்கூற்றிடம் கொடுக்க வேண்டும். நிரலில் ஓரிரு சொற்கள்தாம் கூடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் கொண்டு சோதித்துப் பார்ப்பவர்க்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது. தமிழ்ப் பெயர் வரும் நாளில்தான் வெளிப்படும்.

தமிழுக்குத்தான் இந்தச் சங்கடம் என்று எண்ண வேண்டாம். உரோமன் எழுத்தையே கையாளும் நாடுகளிலும் இது உண்டு. துருக்கி நாடு 1928ஆம் ஆண்டில் உரோமன் எழுத்துக்கு மாறியது. அங்கே புள்ளி உள்ள ‘ஐ’ ஓர் எழுத்து. புள்ளி இல்லாத ‘ஐ’ மற்றோர் எழுத்து. இரண்டுக்கும் ஒலி வேறு. புள்ளி உள்ள சிறிய எழுத்து, புள்ளி உள்ள பெரிய எழுத்தாகவே மாற வேண்டும். இஸ்தான்புல் என்ற ஊர்ப் பெயரைத் துருக்கியர் பெரிய எழுத்தின் தலையிலும் புள்ளி வைத்தே எழுதுகின்றனர். 32-ஐக் கழித்தால் அந்தப் புள்ளி போய்விடும், எழுத்தே வேறாகிவிடும்.

செருமானிய மொழியில் தெருவைக் குறிக்கும் சொல் ‘ஸ்ட்ராஸே’. சிறிய எழுத்தில் அதற்கு ஆறு எழுத்துகள். அவற்றுள் ஒன்று அழுத்தமான ‘எஸ்’ ஒலியைக் காட்டும் தனி எழுத்து. பெரிய எழுத்தில் எழுதும்போது அந்த ஓர் எழுத்துக்கு இரண்டு ‘எஸ்’ இடுவது நெடுங்கால வழக்கம். அப்போது ஆறு எழுத்துச் சொல் ஏழு எழுத்தாகிவிடுகிறது. அந்த எழுத்துக்கென ஒரு பெரிய வடிவத்தை 2017ஆம் ஆண்டில்தான் செருமானிய எழுத்து முறை ஏற்றுக்கொண்டது. ஓர் எழுத்தை வாங்கி ஓர் எழுத்தையே தரும் ‘டு-அப்பர்’ செயற்கூறு, ஒன்றை வாங்கி இரண்டைத் தர வழியில்லை. ஆறு எழுத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கியவர் ஏழாவதை எங்கே வைப்பார்? பக்கத்து இடத்தில் வைத்தால் அங்கே இருந்தது அழியும். சி மொழி அதைத் தடுத்து நிறுத்தாது.

மாணவ நண்பர்களே, ஒரு கழித்தல் கணக்கில் தொடங்கினோம். எத்தனை உடன்பாடுகளின் மேல் அந்தக் கழித்தல் நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டோம். இந்த அட்டவணைதான் வழங்கும், எழுத்துகள் தொடர்ந்தே இருக்கும், ஒன்றுக்கு ஒன்றே ஈடாகும், வருவதெல்லாம் ஆங்கிலமே. இவ்வளவையும் வாய் திறந்து சொல்லாமலே அந்த ஒரு வரி நம்பியிருக்கிறது. ஆங்கிலச் சொற்கள் மட்டுமே வரும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அந்த நம்பிக்கையில் தவறில்லை. நம்பியிருக்கிறோம் என்பதையே அறியாமல் இருப்பதுதான் தவறு.

நாளை நீங்கள் எழுதப்போகும் நிரல்களில் ஓடுபவை மனிதர்களின் பெயர்கள், அவர்கள் ஊர்கள், அவர்கள் தேர்வு எண்கள். பெயர் சிதைந்தவர்க்கு நிரல் எழுதியவர் யார் என்று தெரியாது. குறையைச் சொல்லிக்கொள்ள இடமும் தெரியாது. ஆதலால் எழுதும்போதே அவருக்காகவும் நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். நிரலை எழுதி முடித்தவுடன் உங்கள் பெயரை மட்டும் இட்டுச் சோதியாதீர்கள். இடைவெளி உள்ள பெயர், புள்ளி உள்ள பெயர், இலக்கம் கலந்த முகவரி, ஏற்கெனவே பெரிய எழுத்தில் உள்ள சொல், ஒன்றுமே இல்லாத வெற்றுச் சரம், ஒரு தமிழ்ப் பெயர் ஆகிய இவற்றையும் இட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியதை மாற்றியதா என்பது முதற்கேள்வி. மாற்றக் கூடாததை அப்படியே விட்டதா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பிறகே, நிரல் முடிந்தது என்று ஏட்டை மூடுங்கள்.